பதினோராவது தையல்

"உறை மாட்டிப் படிச்ச பிள்ளைகிட்ட வயித்தக் குடுக்கப் போறீராக்கும்? உமக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

"மெதுவாப் பேசுட்டி. திரைக்கு அந்தப் பக்கம் நிக்கும்."

"நிக்கட்டும். நல்லாக் கேக்கட்டும். இதுவரைக்கும் ஒரு மனுசனக்கூட அது கீறுனதில்லையாம். ரப்பர் குடலத் தச்சுத்தான் படிச்சிருக்காம். ஆயாம்மா சொல்லுதாவ."

"ரப்பரா இருந்தா என்ன? தையல் தையல்தான."

"ரப்பருக்கு வலிக்குமாவே? ரப்பர் செத்தா யாரு அழுவா?"

திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் இருந்தாள் டாக்டர் ரஹ்மத்நிஷா. கையில் சம்மதக் கடிதம், காதில் ரப்பர் செத்தால் யார் அழுவார் என்ற கேள்வி. உள்ளே போகலாமா, தாள் எடுக்க மறந்தது போல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாமா என்று யோசித்தாள். காலை எட்டு மணி. சுற்ற நேரமில்லை. உள்ளே படுத்திருந்த பேச்சிமுத்துவின் குடல் ஒவ்வொரு நிமிடமும் கறுத்துக்கொண்டிருந்தது.

பேச்சிமுத்து வாழைக்காய் மண்டியில் சுமை தூக்குபவர். ஐம்பத்தோரு வயது. இரண்டு வருடமாக வலது அடிவயிற்றில் குடலிறக்கம். எலுமிச்சை அளவில் இருந்தபோதே ஆபரேஷனுக்கு நாள் கேட்டு வந்தவர்தான். பெருந்தொற்று வந்து அவசரமில்லாத ஆபரேஷன்களை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். மூன்று முறை வந்தார். மூன்று முறையும் அவர் சீட்டில் 'ஒத்திவைக்கப்பட்டது' என்று முத்திரை குத்தியது நிஷாதான். நேற்று மாலை அந்த வீக்கம் உள்ளே போக மறுத்து இறுகிக்கொண்டது. விடிய விடிய வாந்தி.

நிஷா திரையை விலக்கினாள்.

"வா தாயி," என்றார் பேச்சிமுத்து, சிரிக்கப் பார்த்து. அவர் மனைவி இசக்கியம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"நீங்க பேசுனது கேட்டுச்சும்மா," என்றாள் நிஷா.

"கேக்கட்டும்னுதான பேசினேன்."

"சரி. நீங்க கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். ஆயாம்மா சொன்னது உண்மைதான். எங்க சீஃப் ஆவுடையப்பன் சாருக்கு இன்னைக்குக் காலையில தொற்று உறுதியாயிடுச்சு. மத்த ரெண்டு சாரும் ஏற்கனவே காய்ச்சல் வார்டுல படுத்திருக்காங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு மூணு மணி நேரம் ஆகும். அங்க பெட் இல்லைன்னு சொல்லிட்டாங்க. குடலுக்கு ரத்தம் போகல. இன்னும் மூணு மணி நேரம் தாங்காது."

"அப்ப நீதான்."

"நானும், என்கூடப் படிக்கிற நேசன் டாக்டரும். சீஃப் அவரு ரூம்ல இருந்து கேமராவுல பாப்பாரு."

இசக்கியம்மாள் இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். "அது என்னம்மா உறை? ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ."

"பெரிய டாக்டருங்க ஆபரேஷன் பண்ணும்போது அவங்க கை எப்படி எப்படி அசையுதுன்னு பதிவு பண்ணி வெச்சிருக்காங்க. முழங்கை வரைக்கும் ஒரு உறை. அதை மாட்டிக்கிட்டா அந்தக் கை எங்க கையை இழுத்துட்டுப் போகும். சின்னப் பிள்ளைக்குக் கையைப் பிடிச்சு எழுதப் பழக்குவோமே, அது மாதிரி."

"யாரு கை?"

"தெரியாதும்மா. பேரையெல்லாம் எடுத்துட்டாங்க. எங்களுக்கு வந்தது ஏழாம் நம்பர் கை."

"பேரில்லாத கையா? நல்லாருக்கே. எத்தனவாட்டி தச்சிருக்க?"

"இதே ஆபரேஷனை முன்னூத்திப் பதினாறு தடவை."

"உசுருள்ளது?"

சுற்றி வளைத்துச் சொல்ல ஆயிரம் வழி இருந்தது. "ஒண்ணுகூட இல்லம்மா," என்றாள் நிஷா.

பேச்சிமுத்து ஒருமுறை முனகினார். இசக்கியம்மாள் பீடி சுற்றிச் சுற்றித் தேய்ந்த கட்டைவிரலை நீட்டி, "மையைக் கொண்டா," என்றாள். வைத்துவிட்டு விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நான் தியேட்டர் வாசல்லதான் உக்காந்திருப்பேன். நல்லதோ கெட்டதோ, நீயே வெளிய வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். நர்ச அனுப்பப்புடாது. போன்ல சொல்லப்புடாது."

போன் என்றதும் நிஷா தலையைக் குனிந்துகொண்டாள். ஊசிநூல் பிடிக்க வேண்டிய இருபத்திரண்டு மாதத்தில் அவள் அதிகம் பிடித்தது போனைத்தான். அறுவைசிகிச்சை படிக்க வந்தவள் மூக்கில் குச்சி விட்டாள், ஆக்சிஜன் அளவு குறித்தாள், முகம் தெரியாத மகன்களுக்கும் மகள்களுக்கும் போனில் சாவு சொன்னாள். 'மேசைக்கு ஒருவர்' என்று அரசு விதி போட்டது. தொற்று பரவக்கூடாது என்பதற்காக, அவசர ஆபரேஷனில்கூட ஒரு சர்ஜன், ஒரு நர்ஸ், ஒரு மயக்க டாக்டர். அவ்வளவுதான். எதிரே நின்று வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொள்ள மாணவர்களுக்கு இடமில்லை. அதற்கு மாற்றாக வந்ததுதான் இந்த உறை. 'கைவழி' என்று பேர் வைத்தார்கள். மாநிலம் முழுக்க நானூறு பேர் அதை மாட்டிக்கொண்டு ரப்பர் வயிற்றைத் திறந்து மூடினார்கள்.

அது கற்றுக்கொடுக்காமல் இல்லை. நன்றாகவே கற்றுக்கொடுத்தது. வீட்டுக்கு வீடியோவில் பேசும்போது நிஷா தலைமுக்காட்டை முடிந்ததைப் பார்த்து, "என்னடி, யாரோ கட்டுற மாதிரி கட்டுற?" என்று உம்மா கேட்டாள். அன்று வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தியேட்டருக்கு வெளியே நேசன் கை கழுவிக்கொண்டு நின்றான். ஈரோட்டுப் பக்கம். முழுப்பெயர் சிவநேசன். போன வாரம்தான் விதியைக் கொஞ்சம் தளர்த்தி மேசைக்கு இரண்டு பேர் நிற்கலாம் என்றிருந்தார்கள்.

"கையெழுத்து ஆச்சா?"

"கைநாட்டு. அந்தம்மா என்னை விடாது நேசா."

"விடாட்டி நல்லதுதானுங்க அம்மணி. ஓடிப் போகாம இருப்பே." முழங்கை வரை சோப்பு நுரையோடு அவன் சிரித்தான். "பதினொண்ணுல பேய் வந்தாச் சொல்லு. சாம்பிராணி போட்டரலாம்."

"வாயை மூடுறியா?"

ஆனாலும் சிரிப்பு வந்தது. அந்தப் பேய் விஷயம் உறை மாட்டிய எல்லோருக்கும் தெரியும். ஏழாம் கை குடலைச் சேர்த்துத் தைக்கும்போது மொத்தம் பதினெட்டுத் தையல். பத்தாவது போட்டதும் கை நின்றுவிடும். மணிக்கட்டு மெல்லத் திரும்பும், விரல்கள் தளரும், சரியாக ஐந்து வினாடி அப்படியே இருக்கும். அந்த நேரத்தில் கணினித் திரையில் பதினோராவது தையல் தானாகவே வந்து உட்கார்ந்திருக்கும். மற்ற தையல்களைப் போல் இல்லாமல் கொஞ்சம் கோணலாக, கொஞ்சம் தள்ளி. பிறகு கை விழித்துக்கொண்டு பன்னிரண்டாவதுக்குப் போகும். பதிவில் ஏதோ கோளாறு என்று எல்லோரும் நினைத்தார்கள். 'பேய்த் தையல்' என்று பேர் வைத்துச் சிரித்தார்கள். முடிவில் திரை பதினெட்டுக்குப் பதினெட்டு என்று மதிப்பெண் போட்டுவிடும். மதிப்பெண் குறையாத கோளாறைப் பற்றி யார் எழுதிக் கேட்கப் போகிறார்கள்?

உள்ளே சிஸ்டர் ஞானப்பூ கருவிகளை அடுக்கிவைத்துக் காத்திருந்தார். இருபத்தாறு வருடம் தியேட்டரில் நின்றவர். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். முழு மயக்கம் கொடுத்தால் தொற்று பரவும் பயம் என்று முதுகுத்தண்டில் ஊசி போட்டு நெஞ்சுக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைத்திருந்தார்கள். எனவே பேச்சிமுத்து விழித்துக்கொண்டுதான் கிடந்தார். அவர் நெஞ்சுக்கு மேல் ஒரு பச்சைத் துணி மறைத்திருந்தது. தலைமாட்டில் மயக்க டாக்டர். சுவரில் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து சீஃப் இருமினார்.

"நிஷா, கேக்குதா? அவசரப்படாத. ஆரம்பி."

உறை இல்லை. சாதாரண ரப்பர் கையுறை மட்டும். கத்தியைத் தோலில் வைத்தபோது நிஷாவுக்கு ஒரே ஒரு விஷயம்தான் புதிதாக இருந்தது. சூடு. முன்னூற்றுப் பதினாறு முறை திறந்த வயிறு எதுவும் சூடாக இருந்ததில்லை.

அதன்பிறகு கை பார்த்துக்கொண்டது. இறுகிய வளையத்தை விடுவித்தாள். குடலில் நாலு விரல் நீளத்துக்குக் கத்தரிக்காய்த் தோல் மாதிரி கறுத்திருந்தது. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிப் பத்து நிமிடம் காத்தார்கள். நிறம் திரும்பவில்லை. "வெட்டிரு," என்றது பெட்டி. வெட்டினாள். நல்ல முனை இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"நூல், சிஸ்டர்."

தையலுக்கு ஒரு ஊசி, ஊசியோடு ஒட்டிய நூல் ஒன்று. சிஸ்டர் கொடுக்கக் கொடுக்க, நிஷா தைக்க, நேசன் முடிச்சை வெட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று. கை வழுக்கிக்கொண்டு போவதைப் பார்க்க அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பத்து. வழக்கமான அந்த ஓய்வு வந்தது. எதிரே நேசனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது முகக்கவசத்தின் அசைவில் தெரிந்தது. பிறகு பன்னிரண்டு, பதின்மூன்று... கடைசி முடிச்சு.

"பதினெட்டு," என்று பெருமூச்சு விட்டாள் நிஷா. "உள்ள வெச்சு மூடிடலாம்."

"பதினேழு," என்றார் சிஸ்டர்.

"என்ன சிஸ்டர்?"

"எங்கிட்ட இருந்து போனது பதினேழு ஊசி. பதினெட்டு எண்ணி வச்சேன். ஒண்ணு இந்தா, புத்தம் புதுசா நிக்கி."

"பாக்கெட்டுல ஒண்ணு கூட இருந்திருக்கும்."

"டாக்டரம்மா, எனக்கு எண்ணத் தெரியும்."

"நானும் எண்ணிட்டுத்தானுங்க இருந்தேன் சிஸ்டர். பதினெட்டு," என்றான் நேசன்.

"ரெண்டு பேரும் சேந்து சொன்னா ஊசி ஒண்ணு கூடிருமோ?"

"சார்?" என்று சுவரைப் பார்த்தாள் நிஷா.

"உங்க தலை மறைச்சிருச்சு. எனக்குத் தெரியல," என்று இருமினார் சீஃப்.

திரும்பப் பிரித்துப் புரட்டிப் பார்த்தால் தையல் இழுபடும், நேரமாகும். இருவர் எண்ணியிருக்கிறார்கள். எதிர்த் தரப்பில் ஒருவர்தான். மூடிவிடலாம் என்று நிஷாவுக்கு வாய் வரை வந்துவிட்டது.

பச்சைத் துணிக்குப் பின்னாலிருந்து பேச்சிமுத்துவின் குரல் வந்தது. "சிஸ்டரம்மா சொல்லுதத கேளு தாயி."

எல்லோரும் திடுக்கிட்டார்கள். அவர் இருப்பதையே மறந்துபோயிருந்தார்கள்.

"எங்க மண்டியில வாழத்தார் தூக்குதவன எண்ண விடமாட்டாவ. அவன் மனசு பூரா தூக்குததுலயே இருக்கும், எண்ணிக்கை தப்பிரும். சும்மா ஓரமா நிக்கவன்தான் எண்ணுவான். அவன் சொல்லுததுதான் எண்ணிக்கை. நீங்க ரெண்டு பேரும் தூக்குதவிய."

நிஷா கையை மறுபடி காயத்துக்குக் கொண்டுபோனாள். "எந்த இடம் சிஸ்டர்?"

"பத்தாவது போட்டதும் டாக்டருக்கு நீட்டுனீயள்ளா, அங்க."

"எதை நீட்டுனேன்?"

"ஊசி பிடிக்கிற இடுக்கிய. பிடிய முன்ன வச்சு, நேசன் டாக்டருக்கு நேரா நீட்டிக்கிட்டே நின்னீய. அவரு வாங்கல. அவரும் செலையாட்டம் நின்னாரு. அப்புறம் நீங்களே கையத் திருப்பிக்கிட்டு அடுத்ததுக்குப் போய்ட்டீய. ஒரு நூலும் கேக்கல. நான் என்னமோன்னு பாத்தேன்."

நிஷா தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டு திரும்புகிறது, விரல்கள் தளர்கின்றன, ஐந்து வினாடி. ஓய்வு என்றல்லவா நினைத்திருந்தாள்?

"முன்னாடியெல்லாம் எல்லா சாரும் அப்படித்தான் நீட்டுவாவ," என்றார் ஞானப்பூ, ஏதோ எல்லோருக்கும் தெரிந்த விஷயம் போல. "அந்த மூலை நம்ம பக்கம் இருந்து போட எட்டாது. எதிர்ப்பக்கம் நிக்கவங்களுக்குத்தான் வாட்டம். எதிர்ல எப்பவும் மேல்படிப்புப் படிக்கிற பிஜி பிள்ளை ஒண்ணு நிக்கும். அந்த ஒரு தையல் அந்தப் பிள்ளைக்கு. அப்படித்தான எல்லாரும் படிச்சாவ."

"ஆனா அந்தப் பதிவுல எதிர்ல யாருமே இல்லையே சிஸ்டர்."

பெட்டியிலிருந்து சீஃப் மெதுவாகச் சொன்னார்: "இருந்திருப்பாங்கம்மா. சுத்தமா இருக்கணும்னு மத்தவங்க கையையெல்லாம் அழிச்சிருப்பாங்க."

நிஷா விரல் நுனியால் லேசாக அழுத்தினாள். பத்தாவது தையலுக்கு அந்தப் பக்கம், மடிப்புக்குள், கடுகளவு ஒரு வாய் திறந்தது. மஞ்சளாக ஒரு சொட்டு வந்தது.

மூடியிருந்தால் மூன்று நாள். நாலாம் நாள் காய்ச்சல் வந்திருக்கும். அதற்கப்புறம் ஒரு போன்.

"நூல்," என்றாள். சிஸ்டர் அந்தப் பதினெட்டாவது ஊசியை இடுக்கியில் பூட்டிக் கொடுத்தார். நிஷா ஒரு முறை முயன்றாள். எட்டவில்லை, மணிக்கட்டு இடித்தது. பிறகு, இந்த முறை தெரிந்தே, கையைத் திருப்பினாள். பிடியை முன்னே வைத்து எதிரே நீட்டினாள்.

நேசன் அதைப் பார்த்தான். வாங்கவில்லை. "எங்கிட்ட இதுக்குக் கை இல்ல நிஷா. இந்த ஒண்ணுக்கு மட்டும் உறை ஒண்ணுமே சொல்லித் தரலியே."

"யாருக்குமே இல்லடா. வாங்கு."

"நேசன்," என்றார் சீஃப். "கோணலாத்தான் வரும். போடு."

வாங்கினான். ஊசி முனை காற்றில் ஆடியது. யாரும் அவன் விரலை இழுக்கவில்லை. எங்கே குத்துவது, எவ்வளவு ஆழம், எதுவும் அவன் கைக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்து, யோசித்து, பயந்து, குத்தினான். எடுத்தான். மறுபடி குத்தினான்.

"ஏம் தம்பி, கை நடுங்குதோ?" என்றது துணிக்குப் பின்னால்.

"ஆமாங்க."

"பரவால்ல. மொத நாள் தார் தூக்கும்போது எனக்கும் முட்டு நடுங்கிட்டுத்தான் இருந்துச்சு. கீழ போட்டுரல."

"பேசாதீங்க, வயிறு ஆடுதுங்க."

"சரி சரி."

ஐந்து வினாடி இல்லை, மூன்று நிமிடம் ஆனது. முடிச்சு விழுந்தது. நிஷா அழுத்திப் பார்த்தாள். சொட்டு வரவில்லை. இருவரும் குனிந்து பார்த்தார்கள். வரிசையில் பதினேழு தையல்கள் நேராக நின்றன. ஒன்று மட்டும் கொஞ்சம் கோணலாக, கொஞ்சம் தள்ளி.

முன்னூறு தடவைக்கு மேல் திரையில் பார்த்துச் சிரித்த அதே தையல். பேயும் இல்லை, கோளாறும் இல்லை. எப்போதோ, எங்கேயோ, நேசனைப் போலவே நடுங்கிக்கொண்டு நின்ற யாரோ ஒரு பிள்ளை போட்டது. அந்தப் பிள்ளையை அழித்தவர்களால் அது போட்ட தையலை அழிக்க முடியவில்லை.

நேசனின் முகக்கவசம் கண்ணுக்குக் கீழே நனைந்திருந்தது. சிஸ்டர் பார்க்காத மாதிரி ஊசிகளை எண்ணினார். "பதினெட்டு," என்றார் சத்தமாக.

வாசலில் இசக்கியம்மாள் சொன்னபடி உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்ததும் எழுந்திருக்காமல் அண்ணாந்து பார்த்தாள். நிஷா அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்காரும்மா."

இசக்கியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னொண்ணும் சொல்லணும். ஒரு தையலை விட்டுட்டேன். சிஸ்டர் எண்ணிப் பாத்துச் சொன்னாங்க. அவங்க சொல்லலைன்னா மூடியிருப்பேன். அப்புறம் நேசன் டாக்டர் போட்டாரு. கொஞ்சம் கோணலா இருக்கு. ஆனா ஒழுகல. நாலு நாள் பாக்கணும்."

திட்டு வரும் என்று காத்திருந்தாள். இசக்கியம்மாள் வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தாள். "இத ஏம்ட்டி எங்கிட்ட சொல்லுத? மறச்சிருந்தா எனக்கென்ன தெரியப்போகுது?"

"மூஞ்சியப் பாத்துச் சொல்லச் சொன்னீங்களே."

"சொன்னேன்தான்." அந்தத் தேய்ந்த கட்டைவிரலால் நிஷாவின் நெற்றியில் முகக்கவசப் பட்டை பதிந்திருந்த தடத்தை ஒருமுறை தடவினாள். "சரி, எந்திரி. நாலு நாள் கழிச்சுல்ல தெரியும்."

அன்று மத்தியானமே நிஷா அறிக்கை எழுத உட்கார்ந்தாள். நேசன் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தான்.

"நீ எழுதுனா உன்னோட முன்னூத்திப் பதினாறும் செல்லாமப் போயிரும். என்னோடதும்தான். இன்னும் ஒரு வருசம் படிக்கச் சொல்லுவாங்க."

"எழுதலைன்னா?"

நானூறு பேர். ஒவ்வொருவரும் எதிரே ஆளில்லாத மேசையில் தைத்துக்கொண்டிருப்பார்கள். பத்தாவது முடிந்ததும் கை நிற்கும். பதினெட்டு என்று மனசு சொல்லும். உறையில் படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. புத்தகத்தில் படித்தவன் செய்யமாட்டான், ஆளைப் பார்த்துப் படித்தவனும் செய்யமாட்டான். எல்லா ஊரிலும் ஓரமாக நின்று எண்ண ஒரு ஞானப்பூ இருப்பார் என்று எப்படி நம்புவது?

எழுதினாள். கீழே சிஸ்டரும் நேசனும் கையெழுத்துப் போட்டார்கள். தன் அறையிலிருந்து சீஃப் அதை மேலே அனுப்பினார். அனுப்புவதற்கு முன் நிஷா அவரிடம் கேட்டாள்: "ஏழாம் கை யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாதும்மா. யாரா வேணா இருக்கலாம். அந்த இடம் வந்தா நாங்க எல்லாருமே குடுத்துருவோம். சொல்லிக் குடுக்கிறோம்னுகூட நினைச்சதில்ல. கை தானா நீளும்."

நாலாம் நாள் காலை வார்டுக்குள் நுழையும்போதே இசக்கியம்மாளின் குரல் கேட்டது. "டாக்டரம்மா! காத்துப் பிரிஞ்சிட்டு!" வார்டு முழுக்கச் சிரித்தது. பேச்சிமுத்து வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு, "சிரிக்க வைக்காதட்டி, தையல் பிரிஞ்சிரும். அதுலயும் அந்தத் தம்பி போட்டது," என்றார். குடல் வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் இல்லை. நேசன் கழிவறைப் பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

மற்ற இடங்களிலிருந்து செய்தி மெல்ல மெல்லத்தான் வந்தது. பெரிய டாக்டர்கள் காய்ச்சலில் விழுந்த ஊர்களில் உறையில் படித்தவர்கள் தனியாகத் தைத்த இருபத்து மூன்று பேரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கு வயிற்றைத் திரும்பத் திறக்க வேண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டார்கள். ஒருவரைக் கூப்பிட்டபோது போனை எடுத்தது அவர் மகள். அப்பா போய் ஏழு வாரமாகிறது, தொற்று என்று சொன்னார்களே என்றாளாம். அதைப் படித்துவிட்டு நிஷா அன்று சாப்பிடவில்லை. தைத்தவனும் தன்னைப் போல ஒருவன்தான் என்பது அவளுக்குத் தெரியும். அவன் கையும் நீண்டிருக்கும். எதிரே வாங்க ஆளில்லை.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. நிஷாவுக்கும் நேசனுக்கும் பயிற்சி ஒரு வருடம் நீட்டிப்பு. அது எதிர்பார்த்ததுதான். அதற்குக் கீழே இன்னொரு பத்தி. ஏழாம் பதிவிலிருந்து அந்த ஐந்து வினாடியை நீக்கிவிடப் போகிறார்களாம். அந்த இடத்தில் எட்டாத மூலைக்கும் எட்டும்படி கணினியே செய்த ஒரு தையலை, நேரான தையலை, வைப்பார்களாம். மற்றப் பதிவுகளையும் தேடி, எங்கெல்லாம் கை இப்படி நிற்கிறதோ அங்கெல்லாம் சரிசெய்வார்களாம். காய்ச்சல் மறுபடி ஏறுவதால் திங்கள்கிழமை முதல் மீண்டும் மேசைக்கு ஒருவர். பயன்படுத்தியவர்கள் கருத்துச் சொல்ல வெள்ளி மாலை வரை நேரம்.

"எடுத்துரட்டும் நிஷா," என்றான் நேசன். காண்டீனில் டீ ஆறிக்கொண்டிருந்தது. "அந்தப் பொண்ணு அப்பாவ நெனச்சுப் பாரு. எதிர்ல ஆளே நிக்க முடியாதபோது யாருக்கு நீட்டறது? பதினெட்டும் ஒரே கை போட்டாத்தான் ஆளு பொழைப்பாங்க."

"தெரியும்டா. நானும் அதைத்தான் நினைக்கிறேன். ஆனா எடுத்துட்டா, நமக்கப்புறம் படிக்கிறவங்க கை நிக்கவே நிக்காது. இந்தக் காய்ச்சல் என்னைக்காவது போகும்ல? அன்னைக்கு எதிர்ல ஒரு பிள்ளை வந்து நிக்கும். பதினெட்டையும் இவங்களே போட்டுட்டுப் போயிடுவாங்க. குடுக்கணும்னு அவங்க கைக்கே தெரியாது."

"அப்ப உறைக்கு வெளிய சொல்லிக் குடுத்துக்கலாம். 'இங்க குடுக்கோணும்'னு ஒரு வரி எழுதி வெச்சாப் போச்சு."

"வரியைப் படிச்சா நாம அன்னைக்கு நீட்டுனோம்?"

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கும்போது என்ன செய்வது? அவள் கைப்பேசியில் அந்தப் படிவத்தைத் திறந்தாள். 'உங்கள் கருத்து' என்று ஒரு கட்டம். 'நீக்கவும்' என்று அடித்தாள். அந்த மகளின் குரல் தன் காதில் கேட்பது போலிருந்தது. அனுப்பப் போனவள் நிறுத்தினாள். நேசனின் கை, காற்றில் ஆடிய ஊசி, அந்த மூன்று நிமிடம். அழித்தாள். 'நீக்க வேண்டாம்' என்று அடித்தாள். அதையும் அழித்தாள்.

இன்று வெள்ளிக்கிழமை. மணி மூன்று. கட்டம் காலியாக இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் நேசனுக்குத் தன் கைப்பேசியை நீட்டி, "நீ எழுது," என்கிறாள். அவன் வாங்கிக்கொண்டு அவனும் அப்படியே உட்கார்ந்திருக்கிறான்.

படித்த நீங்கள் சொல்லுங்கள். அந்த மேசையில் படுத்திருப்பது நீங்களோ உங்கள் வீட்டு ஆளோ என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு எதிர்ப்பக்கம் வந்து நிற்கப்போவது உங்கள் பிள்ளை என்றும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து வினாடியை எடுத்துவிடலாமா, விட்டுவைக்கலாமா? ஒரு வரி போதும், கீழே பதில் எழுதுங்கள்.